கூர்பல் எங்கே இருக்கிறது?

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ஸ்டோரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது முப்பத்தொன்று. ஸ்டோர் ரூம் அவள் பொறுப்பு. ஆணியிலிருந்து பசைப் பீப்பாய் வரை எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். ஆனால் நாலு பேர் நடுவில் நின்று பேசச் சொன்னால் போச்சு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சம்பளத்தில் ஒரு சந்தேகம் கேட்கக்கூட வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்த ஆள்.

அவள் கணவன் வெளிநாட்டில் வெல்டர். அவன் வேலை பார்க்கும் ஊரில் ஜெர்மன் பேசுகிறார்கள். அவள் அங்கே போக வேண்டுமென்றால் முதல் நிலைத் தேர்வில் தேற வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடந்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். மொத்தம் பன்னிரண்டு பேர். அவள் கடைசி பெஞ்ச்.

ஆறாவது பாடம், பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்பது. டீச்சர் தன் கைப்பையை மேசைமேல் வைத்தார், நாற்காலிக்கு அடியில் வைத்தார், பிறகு கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவைத்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான்: "வோ இஸ்ட் டி டாஷே?" பை எங்கே?

'வோ' என்றால் எங்கே. அது எளிதாக மண்டையில் ஏறிவிட்டது. பதிலில்தான் அவளுக்குத் தகராறு. 'உன்டர்' என்றால் அடியில். 'ஹின்டர்' என்றால் பின்னால். இரண்டும் அவள் காதில் ஒரே மாதிரி விழுந்தன. பை கதவுக்குப் பின்னால் இருந்தபோது அவள் எழுந்து நின்று, "உன்டர்" என்றாள். வகுப்பே சிரித்தது. "கதவுக்கு அடியில பை எப்படிம்மா போகும்? தோசைக்கல்லு மாதிரி தட்டையா இருந்தாத்தான் போகும்" என்றார் டீச்சர். அவர் அன்பாகத்தான் சொன்னார். இருந்தும் அந்த வாரம் முழுக்க அதை நினைத்தபோதெல்லாம் அவளுக்குக் காது சூடானது.

தொழிற்சாலையில் இந்தப் படிப்பு தெரிந்தது ஒருத்திக்குத்தான், பேக்கிங் அக்காவுக்கு. மத்தியானம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள்.

"அந்த மொழியில எல்லாத்துக்கும் ஆம்பளை பொம்பளை உண்டுக்கா. நாற்காலி ஆம்பளை. விளக்கு பொம்பளை. புத்தகம் ரெண்டும் இல்ல."

"மேசை?"

"அதுவும் ஆம்பளைதான்."

"அதானே பார்த்தேன். நாலு காலையும் பரப்பிக்கிட்டு ஒரு வேலையும் செய்யாம நிக்குதேன்னு."

அக்கா வாயில் ரகசியம் தங்காது. ஒரே வாரத்தில் விஷயம் ஃபோர்மேன் காதுக்குப் போய்விட்டது. அப்போது பார்த்துத்தான் முதலாளி ஜெர்மன்காரர்களின் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். அட்டையை அழுத்தி மடிப்புக்கோடு போடும் மெஷின். ஒரு லாரி நீளம். அதைப் பொருத்திக் கொடுக்க அந்த ஊர் மெக்கானிக் ஒருவர் வந்திருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். ஆறரை அடி உயரம். பையன்கள் அவருக்குக் கொடிக்கம்பம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். சின்ன முதலாளி கூடவே நின்று அந்த அரைகுறையை முழுசாக்கி ஃபோர்மேனுக்குச் சொல்வார்.

"ஏம்மா ஸ்டோரு, நீ ஜெர்மன் படிக்கிறியாமே? வந்து அவருகிட்ட ரெண்டு வார்த்தை பேசேன்" என்றார் ஃபோர்மேன்.

"ஐயோ அண்ணே, எனக்கு எங்க எங்கன்னு கேக்க மட்டும்தான் தெரியும்."

"அது போதும்மா. வீட்டுக்காரரு எங்க போறாரு, எங்க வராருன்னு கேக்கத்தானே படிக்கிறே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஸ்டோருக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு மெக்கானிக் வரும் வழியில்கூட அவள் நிற்பதில்லை. அவர் எதிரே வந்தால் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று வேறு பக்கம் திரும்பிவிடுவாள்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. சின்ன முதலாளி ஏதோ உதிரிபாகம் எடுக்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தார். ஸ்டோரம்மா பசை டின்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது. மின்விசிறிகள் ஓய்ந்தன. வழக்கம்போல யாரோ விசிலடித்தார்கள். அந்த விசில் முடிவதற்குள் மெஷின் கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

ஒரு மனிதனின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை. கையிலிருந்த டின் கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்காமல் ஓடினாள்.

மெஷினுக்குள் இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல் உருளை மட்டும் முந்நூறு கிலோ. காற்றழுத்தம்தான் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். மெக்கானிக் மூடியைக் கழற்றிவிட்டு, மெஷினின் பின்பக்கம் மண்டியிட்டு, உருளைகளுக்கு நடுவே சிக்கியிருந்த அட்டைத் துண்டை எடுக்கக் கையை விட்டிருந்தார். கரண்ட் போனதும் காற்று அடைக்கும் கம்ப்ரஸர் நின்றது. மேல் உருளை ஒரு குலுக்கலில் இரண்டு விரல் உயரம் இறங்கி நின்றது. அவருடைய வலது கை, மணிக்கட்டுக்குச் சற்று முன்னால்வரை, உள்ளே மாட்டிக்கொண்டது.

ஃபோர்மேன் அதற்குள் மெயின் ஸ்விட்சை அணைத்திருந்தார். அதுவரை நல்லதுதான், கரண்ட் திரும்ப வந்து உருளை சுற்றினால் கை முழுவதும் போய்விடும். ஆனால் எங்கோ ஒரு குழாயிலிருந்து 'உஸ்' என்று காற்று கசிந்துகொண்டிருந்தது. அழுத்தம் காட்டும் வட்டக் கடிகாரத்தில் ஊசி நாலில் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்தது. இரண்டு என்ற இடத்தில் மெக்கானிக்கே முந்தின நாள் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு, "நோ குட், நோ குட்" என்று எல்லோருக்கும் காட்டியிருந்தார். அதற்குக் கீழே போனால் உருளை தன் முழுப் பாரத்தோடு உட்கார்ந்துவிடும்.

"ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாச்சா?"

"போட்டாச்சுண்ணே. இருபது நிமிசம் ஆகுமாம்."

"சின்ன முதலாளி?"

"எடுக்க மாட்டேங்குறாரு."

மெக்கானிக்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். எல்லாம் ஜெர்மன். தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் வலியில் அவரைவிட்டுப் போய்விட்டது. ஃபோர்மேன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து உருளைக்கு நடுவே நுழைக்கப் போனார்.

"நைன்! நைன்!" என்று மெக்கானிக் அலறினார்.

"வலியில கத்துறாரு. தள்ளுங்க, நெம்பிடலாம்."

ஸ்டோரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. 'நைன்' என்றால் இல்லை, வேண்டாம். முதல் பாடத்தின் முதல் பக்கம். அது அந்தக் கூடத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கடப்பாரை உள்ளே போனது. அவள் முன்னால் பாய்ந்து ஃபோர்மேனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, வேணாம்! வேணாம்னு சொல்றாரு!"

"உனக்கென்னம்மா தெரியும்?"

"வேணாம்னு சொல்றாருண்ணே!"

ஃபோர்மேன் அவளை முறைத்தார். கடப்பாரையை மட்டும் வெளியே எடுத்துவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். மெக்கானிக்கும் பார்த்தார். நீலக் கண்கள், ஓரமெல்லாம் நீர். அவளைப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"டி கூர்பல். டி கூர்பல்!"

கூர்பல். அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. மேசை, நாற்காலி, விளக்கு, பை, கதவு, அலமாரி எல்லாம் பாடத்தில் வந்தன. கூர்பல் வரவில்லை. மாத்திரையா? சாவியா? ஏதாவது போன் நம்பரா?

"என்னம்மா சொல்றாரு?" ஃபோர்மேன் கத்தினார்.

"தெரியலண்ணே."

"தெரியலன்னா எப்படி? கேளும்மா!"

எதைக் கேட்பது? அது என்ன என்று கேட்டால் அவர் சொல்லும் விளக்கம் புரியவா போகிறது? ஊசி மூன்றரையில் இருந்தது. அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்வி. கேட்டாள்.

"வோ... வோ இஸ்ட் டி கூர்பல்?"

மெக்கானிக்கின் முகத்தில் ஏதோ மாறியது. இருட்டில் ஒரு கை கிடைத்ததுபோல அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். இடது கையால் கூடத்தின் மூலையில் இருந்த கண்ணாடித் தடுப்பு அறையைக் காட்டினார். அவர் தன் சாமான்களை வைத்திருந்த அறை அது. "ஹின்டர் டெம் ஷ்ராங்க்" என்றார்.

ஷ்ராங்க் என்றால் அலமாரி. தெரியும்! அவள் ஓடினாள். பேக்கிங் அக்காவும் பின்னாலேயே ஓடிவந்தாள். அறையில் ஒரே ஒரு இரும்பு அலமாரிதான். ஸ்டோரம்மா தரையில் படுத்து, போனின் டார்ச்சைப் போட்டு அலமாரிக்கு அடியில் பார்த்தாள். தூசி. ஒரு பழைய ஆயில் டப்பா. பிய்ந்த செருப்பு ஒன்று. கையை விட்டுத் துழாவினாள். வேறொன்றும் இல்லை.

"என்னடி தேடுறே?"

"தெரியலக்கா."

"என்னன்னு தெரியாமயே தேடுறியா?"

ஸ்டோரம்மா எழுந்து திரும்ப ஓடினாள். ஊசி மூன்றுக்கு வந்திருந்தது. உருளை மயிரிழை மயிரிழையாக இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை, அவர் முகத்தில் தெரிந்தது.

"நைன். உன்டர் ஷ்ராங்க், நைன்" என்று கையை விரித்துக் காட்டினாள்.

மெக்கானிக் கண்ணை மூடித் திறந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, "ஹின்டர்" என்றார். இடது கையை எடுத்துத் தன் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார். "ஹின்டர்!"

பின்னால்! கதவுக்குப் பின்னால் ஒளித்த பை. தன்னால் ஒரு நிமிடம் போய்விட்டது. அந்த ஒரு நிமிடத்தில் அவருடைய எந்த விரல் போனதோ. அழுதுகொண்டே ஓடினாள். அழுவது அவளுக்கே தெரியவில்லை. பேக்கிங் அக்கா அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "அப்புறமா அழு. இப்ப எங்கன்னு சொல்லு" என்றாள்.

"பின்னாடி. அலமாரிக்குப் பின்னாடி."

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் சந்து. உள்ளே நீளமாக ஏதோ சாத்தியிருந்தது. கை போகவில்லை. இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். இரும்பு அலமாரி தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. எண்ணெய்த் துணி சுற்றிய ஒரு கம்பி சரிந்து விழுந்தது. துணியைப் பிரித்தாள். இரண்டு இடத்தில் வளைந்த கனமான இரும்பு, ஒரு முனையில் மரப்பிடி. கிணற்று ராட்டினத்துக்கும் பழைய லாரிக்கும் போட்டுச் சுற்றுவது போன்ற கைப்பிடி. கூர்பல் என்றால் என்ன என்று அவள் அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

அதைப் பார்த்ததும் ஃபோர்மேனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அட, கையால சுத்தித் தூக்குற ஏற்பாடு! இதை எங்க சொருகணும்? கேளு, கேளு!"

"வோ?" என்று கேட்டாள். அவ்வளவுதான் வந்தது.

"ஓபன். நேபன் டெம் ரோட்டன் ராட்."

ஓபன், மேலே. நேபன், பக்கத்தில். ரோட் என்றால் சிவப்பு. ராட் என்றால் என்னவோ.

"மேலண்ணே. ஏதோ செவப்பா இருக்கும், அதுக்குப் பக்கத்துல."

மெஷினின் முன்பக்கம், தோள் உயரத்தில், சிவப்பு வண்ணம் அடித்த ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. அதன் பக்கத்தில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை. ஃபோர்மேன் மூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கைப்பிடியைச் சொருகினார். 'டக்' என்று பொருந்தியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் சுத்தணும்?"

மெக்கானிக் தானாகவே சொன்னார். "லிங்க்ஸ்! லிங்க்ஸ்!"

இடது. அவள் சொல்ல வாயெடுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் மெஷினுக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டிருந்தார். இவர்கள் இந்தப் பக்கம். எதிரும் புதிருமாக. அவருடைய இடது இவர்களுக்கு வலது. அவர் யாருடைய இடதைச் சொல்கிறார்? ஒரு பக்கம் சுற்றினால் உருளை ஏறும். மறுபக்கம் சுற்றினால் இறங்கும்.

"சொல்லும்மா! ஊசி ரெண்டரைக்கு வந்துடுச்சு!"

"இருங்கண்ணே."

"என்ன இருங்க? இடதா வலதா?"

"சுத்தாதீங்க! இருங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் கூடமே அடங்கியது. மெஷின்மேல் சாய்ந்து மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே குனிந்தாள். தன் நெஞ்சில் கையை வைத்து, "லிங்க்ஸ், ஈஷ்?" என்றாள். நான். பிறகு அவரைக் காட்டி, "லிங்க்ஸ், ஸீ?" என்றாள். நீங்கள்.

"ஸீ" என்றார் அவர்.

அவளுக்குத் தலை சுற்றியது. 'நீங்கள்' என்கிறார். அவர் வாயிலிருந்து வந்தால் 'நீங்கள்' என்பது அவளும் ஃபோர்மேனும். ஆனால் அவள் சொன்னதையே அவர் திருப்பிச் சொல்லியிருந்தால்? கடைசியாகக் கேட்ட சொல்லை வலியில் அப்படியே ஒப்பித்திருந்தால்? பின்னால் யாரோ சாமி பெயரைச் சொல்லி முனகினார்கள். பேக்கிங் அக்கா அவள் முதுகில் கையை வைத்திருந்தாள்.

மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை வாயால் கேட்கவில்லை. தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். பிறகு அவருடைய இடது தோளைத் தொட்டாள். புருவத்தை உயர்த்தினாள். அவருக்குப் புரிந்தது. சுதந்திரமாக இருந்த இடது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை நீட்டி, அவள் இன்னும் தூக்கிப் பிடித்திருந்த கையைக் காட்டினார். "யா. யா." ஆமாம், ஆமாம்.

"நம்ம இடதுண்ணே. ஒரு நூல் மட்டும். அவரு மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே நான் சொல்றேன்."

ஃபோர்மேன் பிடியை இடப்பக்கம் அழுத்தினார். ஒரு நூல். உள்ளே எங்கோ பல்சக்கரம் 'கிர்' என்றது. அவள் மெக்கானிக்கின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த முகம் இறுகினால் அவள் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். முகம் இறுகியது. அவளுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அடுத்த கணம் அவர் நீளமாக மூச்சுவிட்டார். "யா" என்றார். "லாங்ஸாம். லாங்ஸாம்."

"மெதுவாண்ணே. மெதுவா. சரிதான். அதே பக்கம்."

இருபது சுற்று இருக்கும். ஃபோர்மேனின் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. உருளை ஒரு விரல் உயரம் ஏறியதும் மெக்கானிக் தானே கையை வெளியே இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். பேக்கிங் அக்கா தன் துப்பட்டாவால் அந்தக் கையைச் சுற்றினாள். கை வீங்கி, வேறு யாருடையதோ போல இருந்தது. ஸ்டோரம்மா அதைப் பார்க்கவில்லை. மெஷினைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்ததும் போனதும் அவளுக்குக் கனவில் நடந்ததுபோலத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கணவன் போன் செய்தான். நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அலமாரிக்கு அடியில் தேடிய இடம் வந்ததும் அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

"ரொம்ப பயந்துட்டியா?"

"இப்பதாங்க பயமா இருக்கு. யாரோட இடதுன்னு கேக்காம சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? அதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். சோறு எறங்க மாட்டேங்குது."

"கேட்டுட்டல்ல?"

"கேட்டுட்டேன்."

"அப்புறம் என்ன? சாப்பிட்டுட்டுப் படு."

அவன் சொன்னபடி சாப்பிட்டாள். தூக்கம்தான் நாலைந்து நாளைக்குச் சரியாக வரவில்லை.

டாக்டர்கள் மெக்கானிக்கின் மூன்று விரல் எலும்புகளைக் கம்பி போட்டுச் சேர்த்தார்கள். சுண்டு விரலின் நுனியை மட்டும் எடுக்க வேண்டியதாயிற்று. மிச்ச வேலையை முடிக்க வேறொருவர் வந்தார். கரண்ட் போனாலும் உருளையை மேலேயே பிடித்து நிறுத்தும் ஒரு பூட்டை அவர் மெஷினில் பொருத்தினார். ஃபோர்மேன் அந்தக் கைப்பிடியைச் சங்கிலி போட்டு மெஷினிலேயே தொங்கவிட்டார். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று தன் கையாலேயே ஒரு பெரிய அம்புக்குறி வரைந்தார். வரைவதற்கு முன்னால் ஸ்டோரம்மாவை இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து மெக்கானிக் ஊருக்குத் திரும்பினார். போவதற்கு முன் கட்டுப் போட்ட கையோடு தொழிற்சாலைக்கு வந்தார். நேராக ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்றார். கதவு நிலையில் தலை இடிக்காமலிருக்க நன்றாகக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். ஓட இடமில்லை. அவர் தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, நீளமாக ஏதோ பேசினார். நடுவில் ஒருமுறை குரல் கம்மியது. அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில் அவர் இடது கையை நீட்டினார். அவளும் நீட்டினாள்.

அவர் போனதும் ஃபோர்மேன் கேட்டார். "என்னம்மா சொன்னாரு அவ்வளவு நேரம்?"

"தெரியலண்ணே. 'கை'ங்கிற ஒரு வார்த்தைதான் புரிஞ்சுது."

"என்னது? அன்னிக்கு மட்டும் அவ்வளவும் புரிஞ்சுதே?"

"அன்னிக்கும் பாதி புரியல."

ஃபோர்மேன் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, "தேர்வு எப்போ?" என்று கேட்டார்.

"வர்ற பதினாலாம் தேதி."

"அன்னிக்கு லீவு எழுதிக் கொடு. நான் கையெழுத்துப் போடுறேன்."